மாப்பிள்ளையின் படகில் நான் செய்த வேலை

கடல் காற்றில் சாதாரண கார் ஸ்பீக்கர் ஒரு வருஷம்கூடத் தாங்காது, மேடம். உப்பு ஏறிவிடும். உள்ளே இருக்கும் காகிதக் கூம்பு ஊறிக் காய்ந்து மறுபடி ஊறி, கடைசியில் அப்பளம் மாதிரி நொறுங்கிப்போகும். பாலகுமாரின் படகில் முதலில் இருந்தவை அப்படிப்பட்டவைதான். பாட்டு போட்டால் பாடுகிறவருக்குச் சளி பிடித்த மாதிரி கேட்கும். அவற்றை எடுத்துவிட்டு நல்லதாக வைத்துத் தரச் சொன்னார். வைத்துத் தந்தேன். நீங்கள் கேட்பதும் அதைப் பற்றித்தான் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் பெயர் தனக்கோடி. வயது நாற்பத்தெட்டு. திருப்பாதிரிப்புலியூரில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற சாலையில் இருபத்திரண்டு வருஷமாகக் கார் ஆடியோ கடை வைத்திருக்கிறேன். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்துகூட டிராக்டருக்குப் பாட்டுப் பெட்டி வைக்க என்னிடம்தான் வருவார்கள். குடி கிடையாது. பீடி, சிகரெட் கிடையாது. யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியதாக நீங்கள் விசாரித்த எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பாலகுமார் என் தங்கை மோகனப்பிரியாவின் கணவர். சிதம்பரத்தில் டைல்ஸ் கடை வைத்திருந்தார். எங்கள் அப்பாவும் அம்மாவும் ஆறு மாத இடைவெளியில் போனபோது எனக்கு இருபது வயது, மோகனாவுக்கு ஆறு. சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு ஊருக்கு எங்களைப் பிரித்து அனுப்பப் பார்த்தார்கள். நான் விடவில்லை. தலை பின்னக் கற்றுக்கொண்டேன். சீருடைக்கு இஸ்திரி போடக் கற்றுக்கொண்டேன். அவள் பெரியவளானபோது பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு என்ன செய்யவேண்டும் என்று வெட்கப்படாமல் கேட்டுக்கொண்டேன். எனக்குப் பெண் பார்க்க வந்தவர்களிடம், தங்கச்சி படிப்பு முடியட்டும் என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பேச்சு நின்றுபோனது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. வீட்டில் ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள், இன்னொருத்தி எதற்கு என்றுதான் நினைத்தேன்.

அவள் பி.எட். முடித்துச் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேதான் பாலகுமாரைப் பார்த்திருக்கிறாள். பள்ளிக்கூடத்துக்குத் தரை போட வந்தவர். எட்டு வருஷத்துக்கு முன் கல்யாணம். நான்தான் நடத்தி வைத்தேன்.

பாலகுமாரைப் பற்றி நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி என்னால் எதுவும் சொல்ல முடியாது. நல்ல மனிதர். என் தங்கையை அடித்ததில்லை, திட்டியதில்லை. என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பார். மச்சான், மச்சான் என்று வாய் நிறையக் கூப்பிடுவார். ஒவ்வொரு சனிக்கிழமையும் மோகனாவையும் குழந்தை காயத்ரியையும் கடலூர் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் மீன் வாங்கிக் குழம்பு வைப்பேன். அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சாயங்காலம் அவர் காரில் வந்து கூட்டிப்போவார். எட்டு வருஷம் அப்படி நடந்தது. வாரத்தில் ஒரு நாள் போதும் என்று நான் என்னைப் பழக்கிக்கொண்டிருந்தேன்.

படகு போன வருஷம் வாங்கியது. புதுச்சேரியில் ஒரு ரிசார்ட்காரர் விற்ற பழைய ஃபைபர் படகு, பதினாறு அடி. பின்னால் மோட்டார், நடுவில் கூரை, ஆறு பேர் உட்காரலாம். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றில் கட்டிவைத்து ஞாயிறு அன்று ஓட்டுவார். மோகனாவுக்கு அதில் விருப்பம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் படகு வந்த பிறகு சில வாரங்கள் அவள் கடலூர் வரவில்லை.

சித்திரை மாதக் கடைசியில் படகுக்கு வண்ணம் அடிக்க முதுநகருக்குக் கொண்டுவந்தார். உப்பனாற்றங்கரையில் சாமிக்கண்ணு என்பவர் ஃபைபர் படகு பழுது பார்க்கிற கொட்டகை வைத்திருக்கிறார். நீங்கள் கைது செய்து, பிறகு வெளியே விட்டீர்களே, அவர்தான். வண்ணம் காய்ந்ததும் ஸ்பீக்கர் வேலையை நான் அங்கேயே வைத்துச் செய்வதாக ஏற்பாடு.

"மச்சான், சவுண்டுன்னா சும்மா நெஞ்சுல வந்து இடிக்கணும். காயத்ரி டான்ஸ் ஆடணும்" என்றார் பாலகுமார்.

"இடிக்க வச்சிடலாம் மாப்ள" என்றேன்.

முதல் நாள் நான் செய்த வேலையை நீங்கள் யாரை வேண்டுமானாலும் அழைத்துவந்து காட்டலாம். தண்ணீர் பட்டாலும் ஊறாத கூம்பு, ரப்பர் விளிம்பு, துருப்பிடிக்காத வலை உள்ள நான்கு ஸ்பீக்கர்கள். இருக்கைகளின் முதுகுப் பலகையில் பழைய துளைகளிலேயே பொருத்தினேன். வயர் எல்லாம் ஈயம் பூசியது. ஒவ்வொரு இணைப்பையும் பிளாஸ்டிக் குழாய் போட்டுச் சூடு காட்டி இறுக்கினேன். சாமிக்கண்ணு பக்கத்தில் நின்று பார்த்தார். படகின் இரண்டு பக்கமும் இருக்கைகளுக்குக் கீழே நீளவாக்கில் மூடிய பெட்டிகள் இருந்தன. அவற்றைத் தட்டிக் காட்டினார்.

"அண்ணே, இதுல மட்டும் கைய வச்சிடாதீங்க. உள்ள ஃபோம் ஊத்தி அடைச்சிருக்கு. படகு கவுந்தாலும் சரி, தண்ணி ரொம்பினாலும் சரி, இதுதான் மெதக்க வைக்கும். புடிச்சிக்கிட்டு ஆளு வர்ற வரைக்கும் கெடக்கலாம்."

அவர் எச்சரிக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். அவர் பேரில் தவறு இல்லை. ஃபோம் போடாமலே படகைக் கொடுத்துவிட்டார் என்று அவரை இரண்டு வாரம் உள்ளே வைத்திருந்தீர்கள். நான் வந்து சொல்லியிருக்கலாம். நீங்கள் என்னைக் கேட்கவில்லை. நேரடியாகக் கேட்ட எவரிடமும் நான் பொய் சொன்னதில்லை, மேடம்.

இரண்டாம் நாள் மத்தியானம் பாலகுமார் கொட்டகைக்கு வந்தார். கையில் அல்வாப் பொட்டலம். முகம் முழுக்கச் சிரிப்பு.

"மச்சான், ஜூன் மாசம் ஓசூர் போறோம். அங்க பெரிய ஷோரூம் ஒண்ணு அமைஞ்சிருக்கு. பார்ட்னர்ஷிப். காயத்ரிக்கு ஸ்கூல் அட்மிஷன்கூட போட்டாச்சு."

"படகு?"

"அது இங்கதான் இருக்கும். லீவுக்கு வருவோமில்ல. அம்மா வரமாட்டேங்குறாங்க, வீட்டை விட்டுட்டு எங்கயும் வரமாட்டாங்களாம். நீங்க வாங்க மச்சான். கடைய மூடிட்டு வந்துடுங்க. ஓசூர்ல இல்லாத காரா? மாடியில ஒரு ரூம் உங்களுக்குன்னே பாத்து வச்சிருக்கேன்."

அவர் அதை மனதாரத்தான் சொன்னார். எனக்குத் தெரியும். நான் ஒரு துண்டு அல்வா எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். பிறகு மோகனாவுக்குப் போன் செய்தேன்.

"ஆமாண்ணா, உன்கிட்ட நேர்ல சொல்லணும்னு இருந்தேன். அவர் முந்திட்டார். எனக்கும் போவணும்னுதான் இருக்கு. எத்தினி வருஷம் இதே ஊரு, இதே பஸ்ஸு. அங்க நல்ல ஸ்கூல்ல எனக்கும் வேலை பாத்துருக்கேன்" என்றாள்.

குரலில் சந்தோஷம் இருந்தது. கேட்கிறவர்கள் அதைச் சந்தோஷம் என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆனால் நான் இருபத்தெட்டு வருஷமாக அந்தக் குரலைக் கேட்கிறவன். என் தொழிலே குரலில் இருக்கிற கோளாறைக் கண்டுபிடிப்பதுதான். அவள் வாய் ஒன்று சொன்னது, மனசு வேறு சொன்னது. அண்ணா, என்னைப் போகவிடாதே என்று அவள் சொல்லாமல் சொன்னாள். அதைக் கேட்கிற காது உலகத்தில் எனக்கு மட்டும்தான் இருக்கிறது.

மூன்றாம் நாள் சாமிக்கண்ணு சேத்தியாத்தோப்புக்குப் போனார். அவர் அக்காள் பேத்திக்கு மஞ்சள் நீராட்டு. மறுநாள் மாலை வருவதாகச் சொல்லிக் கொட்டகைச் சாவியை என்னிடம் கொடுத்தார். எல்லோரும் என்னிடம் சாவியைக் கொடுப்பார்கள்.

அன்றுதான் இருக்கைகளுக்குக் கீழே இருந்த பெட்டிகளை அறுத்தேன். காரணம் கேட்டால், சப்-ஊஃபர் என்கிற பெரிய ஸ்பீக்கர் இருக்கிறதே, நெஞ்சில் இடிக்கிற சத்தத்தைத் தருவது, அதற்கு வெறும் பெட்டி வேண்டும். காற்று நிறைந்த காலி இடம். ஃபோம் அடைத்திருந்தால் அது முக்கும், முனகும். ஆகவே ஃபோமை எடுத்தேன். மஞ்சள் நிறத்தில் உலர்ந்த பஞ்சுக் கேக் மாதிரி இருந்தது. கத்தியால் வெட்டி, கையை விட்டுச் சுரண்டி, இரண்டு பக்கமும் துடைத்துவிட்டேன். ஒன்பது சாக்கு வந்தது. காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து மூன்று மணிக்கு முடிந்தது. இடையில் ஒரு டீ. நெஞ்சில் இடிக்க வேண்டும் என்று கேட்டது அவர்தான். ஆகவே இதை வேலையின் ஒரு பகுதி என்று சொன்னால் அதுவும் பொய்யல்ல.

ஸ்பீக்கருக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு ரப்பர் வளையம் வைக்கவேண்டும், தண்ணீர் உள்ளே போகாமலிருக்க. அந்தப் பெட்டிகளில் பொருத்திய பெரிய ஸ்பீக்கர் இரண்டுக்கும் அதை வைக்கவில்லை. முதல் நாள் வைத்த நான்கு சின்ன ஸ்பீக்கர்களிலிருந்தும் கழற்றிவிட்டேன். கழற்றும்போது கை கொஞ்சம் தயங்கியது உண்மை. அவ்வளவு சுத்தமாகச் செய்த வேலை.

பிறகு பம்ப். படகின் அடியில் தண்ணீர் சேர்ந்தால் தானாக ஓடி வெளியே தள்ளுகிற சின்ன மோட்டார் ஒன்று உண்டு. அதற்குப் போகிற வயரைத் துண்டித்து ஆம்ப்ளிஃபயருக்கு எடுத்துக்கொண்டேன். சுவிட்சில் பச்சை விளக்கு மட்டும் எரிகிறபடி விட்டேன். விளக்கு எரிந்தால் மனிதர்களுக்கு ஒரு நிம்மதி.

லைஃப் ஜாக்கெட் ஐந்து இருந்தது. பெரியது நான்கு, சின்னது ஒன்று. பூஞ்சை வாடை அடித்தது. துவைத்துத் தருவதாகச் சொல்லி வீட்டுக்கு எடுத்துவந்தேன். துவைக்கவும் செய்தேன்.

நான்காம் நாள் பாலகுமார் வந்து பாட்டு போட்டுப் பார்த்தார். கொட்டகையின் தகரக் கூரை அதிர்ந்தது. அவர் இரண்டு கையையும் மார்பில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார்.

"மச்சான், இதுக்கு உங்களுக்கு என்ன செய்யப்போறேன்னே தெரியல."

"ஆத்துக்குள்ளயே சுத்திக்கிட்டிருந்தா இதோட அருமை தெரியாது மாப்ள. முகத்துவாரம் வரைக்கும் போய்ப் பாருங்க. வெட்டவெளியில பாட்டு எப்படி நிக்கிதுன்னு கேளுங்க" என்றேன்.

அமைதியான ஆற்றில் அந்தப் படகு ஒன்றும் ஆகாமல் ஒரு மாதம்கூட ஓடியிருக்கும். வெள்ளாறு கடலில் சேருகிற இடத்தில் அலை பக்கவாட்டில் வந்து அறையும். நான் அந்த இடத்தைப் போய்ப் பார்த்து வந்திருந்தேன். ஒரு மணி நேரம் கரையில் நின்றேன்.

அடுத்த ஞாயிறு மூன்று பேரும் படகில் போவதாக இருந்தது. காலை எட்டு நாற்பதுக்கு மோகனாவுக்குப் போன் செய்தேன். அவர்கள் அப்போதுதான் பரங்கிப்பேட்டை துறையில் காரை நிறுத்தியிருந்தார்கள். நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றேன். அவள் பதறிப்போனாள். பாலகுமார் போனை வாங்கி, "மச்சான், அசையாம படுங்க. இப்பவே கார எடுத்துக்கிட்டு வர்றேன்" என்றார்.

"பெருசா ஒண்ணும் இல்ல மாப்ள, வாய்வா இருக்கும். நீங்க அலையாதீங்க. தங்கச்சி மட்டும் வந்து ஒரு வாய் கஞ்சி வச்சுக் குடுத்தா போதும். இத்தினி நாள் காத்திருந்து இன்னிக்கித்தான் பாட்டு கேக்கப் போறீங்க."

"ஜாக்கெட் எங்க மச்சான், இன்னும் வரலியே?"

"தொவைச்சுக் காயப்போட்டிருக்கேன். அடுத்த வாரம் எடுத்தாரேன்."

"சரி விடுங்க. பாத்துக்கலாம்" என்றார். எதையும் சந்தேகப்படத் தெரியாதவர்.

மோகனா பத்தே காலுக்கு வந்தாள். நான் கட்டிலில் படுத்திருந்தேன். கஞ்சி வைத்து, உப்பு போட்டு, ஊதி ஊதிக் கொடுத்தாள். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் நான் அவளுக்குக் கொடுப்பேன், அதே மாதிரி. டாக்டரிடம் போகலாம் என்று இரண்டு முறை சொன்னாள். நீ வந்ததே போதும் என்றேன். வெகு நாளைக்குப் பிறகு வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். மின்விசிறி ஓடுகிற சத்தம் தவிர எதுவும் இல்லை. மேடம், இதைச் சொன்னால் நீங்கள் தவறாக எடுத்துக்கொள்வீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். அந்த ஒன்றேகால் மணி நேரம் என் வாழ்க்கையில் மிக நன்றாக இருந்தது.

பதினொன்றரைக்குப் போன் வந்தது.

மீனவர்கள் உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தை நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். பாட்டுச் சத்தம் கரை வரைக்கும் கேட்டது என்கிறார்கள். அந்தச் சத்தத்தில் வேறெதுவும் அவர்கள் காதில் விழவில்லை. பாட்டு நின்ற பிறகுதான் என்னவென்று திரும்பிப் பார்த்தார்களாம். அப்போது படகு இல்லை. கவிழ்ந்து கிடக்கவில்லை, பாதி மூழ்கிக் கிடக்கவில்லை. இருந்த இடமே தெரியவில்லை. அவர்கள் தங்கள் படகை எடுத்துக்கொண்டு போய்ச் சேரக் கால் மணி நேரம் ஆகியிருக்கிறது.

படகில் குழந்தை இருந்தது எனக்குத் தெரியுமா என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். முதல் இரண்டு முறை நான் தண்ணீர் கேட்டேன். இப்போது சொல்கிறேன்.

போனில் நடந்ததில் ஒரு பகுதியை விட்டுவிட்டேன். பாலகுமார் போனைத் திரும்ப மோகனாவிடம் கொடுத்தார். பின்னால் குழந்தையின் குரல் கேட்டது. மோகனா என்னிடம் கேட்டாள்.

"அண்ணா, காயத்ரி படகு படகுன்னு குதிக்கிறா. கூட்டிக்கிட்டு வரட்டுமா, இல்ல அவுங்க அப்பாகூட விட்டுட்டு வரட்டுமா?"

மூன்று விநாடி இருக்கும். அந்த மூன்று விநாடியில் நான் குழம்பவில்லை. பதறவில்லை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் யோசித்தேன். பாலகுமாருக்கு நன்றாக நீச்சல் தெரியும். முகத்துவாரத்திலிருந்து மணல் திட்டுக்கு முந்நூறு அடிதான் இருக்கும். அவர் மட்டும் போயிருந்தால் படகை விட்டுவிட்டு நீந்திக் கரையேறி, சட்டையைப் பிழிந்துகொண்டு, மச்சான், உங்க ஸ்பீக்கர் போச்சே என்று எனக்குப் போன் செய்திருப்பார். ஜூன் மாதம் ஓசூருக்குப் போயிருப்பார்.

கையில் ஒரு குழந்தை இருந்தால் மனிதன் அப்படி நீந்த மாட்டான்.

"விட்டுட்டு வாம்மா. குழந்தை ஆசைப்படுதில்ல" என்றேன்.

அவர்களைக் கண்டெடுத்தபோது பாலகுமார் தன் சட்டையைக் கழற்றிக் குழந்தையைத் தன் முதுகோடு சேர்த்துக் கட்டியிருந்தாராம். அதை அவிழ்க்க நேரம் பிடித்தது என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. அவரைப் பற்றி நான் நினைத்தது சரியாகத்தான் இருந்தது. நல்ல மனிதர் என்று முதலிலேயே சொன்னேன்.

காயத்ரி மேல் எனக்குக் கோபமா என்று கேட்கிறீர்கள். இல்லை. நான் அவளுக்குத் தாய்மாமன். காது குத்தும்போது என் மடியில்தான் உட்கார்ந்தாள். அழவில்லை, என் சட்டைப் பொத்தானை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் மேல் எனக்குப் பிரியம் உண்டு. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். ஆனால் யோசித்துப் பாருங்கள். குழந்தை இருந்திருந்தால் அந்த வீட்டோடு மோகனாவுக்கு ஒரு கயிறு இருந்துகொண்டே இருக்கும். பேத்தியைப் பார்க்கணும் என்று பட்டம்மாள் வருவார். பட்டம்மாள் என்பவர் பாலகுமாரின் தாயார். மோகனா பாதி அங்கேயும் பாதி இங்கேயுமாக இருந்திருப்பாள். பாதி மனசோடு ஒருத்தி எப்படி நிம்மதியாக இருக்க முடியும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பட்டம்மாள் மோகனாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கும் யாரும் இல்ல. உனக்கும் யாரும் இல்ல. நீ இங்கயே இரும்மா."

"அவளுக்கு நான் இருக்கேன்மா" என்றேன்.

மோகனாவின் பெட்டியை நான்தான் அடுக்கினேன். கடலூருக்கு வந்தாள். அவள் படித்த காலத்தில் இருந்த மாடி அறை, அதே கட்டில், அதே மேஜை. பள்ளிக்கூட வேலைக்கு ராஜினாமாக் கடிதம் நான் எழுதினேன், அவள் கையெழுத்துப் போட்டாள். துக்கம் விசாரிக்கிறேன் என்று ஆளாளுக்குப் போன் செய்ததால் போனை வாங்கி வைத்துக்கொண்டேன். கடைக்குப் போகும்போது வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு போவேன். பாதுகாப்புக்குத்தான். அவள் ஒரு நாளும் கதவைத் தட்டியதில்லை என்று பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான்கு மாதம் அப்படிப் போனது. அவள் அதிகம் பேசவில்லை. பேசவேண்டிய அவசியம் எங்களுக்குள் இல்லை. ராத்திரி அவள் அழுவாள். அழுதால் பாரம் குறையும் என்று நானும் தொந்தரவு செய்யமாட்டேன்.

ஃபோமை ஏன் வீட்டில் வைத்திருந்தேன் என்று உங்கள் ஏட்டய்யா ஆச்சரியப்பட்டார். ஆற்றில் போட்டிருக்கலாமே என்றார். ஆற்றில் போட்டால் மீன் தின்றுவிடும். தின்றால் செத்துப்போகும். எரித்தால் அந்தப் புகை தெருவில் உள்ள குழந்தைகளுக்கு ஆகாது. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஆகவே ஒன்பது சாக்கையும் மாடிப்படிக்குப் பக்கத்தில் இருக்கிற பரணில் ஏற்றிவைத்தேன். லைஃப் ஜாக்கெட்டுகளையும் மடித்து அங்கேயே வைத்தேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. மோகனா வீட்டைக் கழுவலாம் என்று நினைத்திருக்கிறாள். அதுவே நல்ல அறிகுறி, மனசு தேறி வருகிறது என்றுதான் நான் சொல்வேன். பழைய விளக்குமாறு தேடிப் பரணில் ஏறியிருக்கிறாள். சின்ன ஜாக்கெட்டில் காயத்ரி தன் பெயரை ஸ்கெட்ச் பேனாவால் எழுதிவைத்திருந்தாள். அது துவைத்தும் போகவில்லை.

நான் ஒன்றரை மணிக்குச் சாப்பிட வந்தேன். மோகனா எனக்காகச் சமைத்திருந்தாள். நான்கு மாதத்தில் முதல் தடவை. வஞ்சிர மீன் இல்லை, இருந்த கருவாட்டைப் போட்டுக் கத்தரிக்காய்க் குழம்பு. பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, அன்னிக்கி உனக்கு நெஞ்சு வலிச்சுதா?" என்று கேட்டாள்.

நான் ஏற்கெனவே சொன்னேன், நேரடியாகக் கேட்டால் பொய் சொல்லமாட்டேன்.

"இல்லம்மா" என்றேன்.

"சரி" என்றாள். மறு சோறு போட்டாள். மோர் ஊற்றினாள். தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள். நான் வழக்கம்போல அரை மணி நேரம் கண்ணயர்ந்தேன். எழுந்தபோது சட்டைப் பையில் இருந்த சாவி கதவில் தொங்கியது. கதவு திறந்திருந்தது. பரணில் சாக்குகளில் ஒன்றும், சின்ன ஜாக்கெட்டும் இல்லை. நான் தேடிப் போகவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். ஒரு காருக்குப் பின் கதவு ஸ்பீக்கர் வைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தேன். அதை முடித்தேன். காலையில் நீங்கள் வந்தீர்கள்.

அவளே எழுதிக் கொடுத்த புகார் என்று இந்தக் காகிதத்தைக் காட்டுகிறீர்கள். அவள் கையெழுத்துதான். நான் சொல்லிக்கொடுத்த கையெழுத்து. ஆனால் வாசகம் அவளுடையது இல்லை, மேடம். என் கணவரையும் என் மகளையும் என் அண்ணன் கொன்றுவிட்டார் என்று அவளாக எழுத மாட்டாள். யாரோ சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறாள். பட்டம்மாளாக இருக்கும். ராத்திரி அங்கேதான் தங்கியிருக்கிறாள் என்கிறீர்கள். வயதானவர், மகனை இழந்தவர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் எழுதியதில் நான் கையெழுத்துப் போடுகிறேன். ஃபோமை எடுத்தது நான்தான். வளையத்தைக் கழற்றியது, பம்பை நிறுத்தியது, போன் செய்தது எல்லாம் நான்தான். குழந்தையை விட்டுவரச் சொன்னதும் நான்தான். எங்கே போடவேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்த ஜன்னல் வழியாக வெளியே பெஞ்ச் தெரிகிறது. மோகனா உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் பட்டம்மாள் டிபன் பாக்ஸைத் திறந்து அவள் கையில் கொடுத்திருக்கிறார். மணி இரண்டு ஆகப்போகிறது. என்னை ஒரு நிமிஷம் வெளியே விட்டால் அவளைச் சாப்பிடச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். சாப்பிட்டுக்கொண்டுதானே இருக்கிறாள் என்கிறீர்கள். நன்றாகப் பாருங்கள், மேடம். சும்மா பிசைந்து வாயில் வைத்துக்கொண்டிருக்கிறாள். நான் சொல்லாமல் அவள் சாப்பிட மாட்டாள்.